கூலிக்காரனா குற்றவாளி?

“ஜனங்கள் டாக்டர் சீட்டு இல்லாமல் ஆன்டிபயாடிக் வாங்கித் தின்கிறார்கள், அதனால்தான் கிருமிகள் மருந்துக்கு அடங்காமல் போய்விட்டன” என்று கனவான்கள் உபதேசிக்கிறார்கள். கிருமிகள் அடங்காமல் போனது உண்மை. குற்றவாளி யார் என்பதில்தான் நாம் அவர்களோடு மாறுபடுகிறோம்.

விழுப்புரத்துக்கும் திண்டிவனத்துக்கும் இடையே கரும்பு வெட்டும் தொழிலாளிக்குக் காய்ச்சல் வருகிறது. முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியில் வைத்தியம் இலவசம்தான். ஆனால் சீட்டுக்கு ஒரு வரிசை, டாக்டருக்கு ஒரு வரிசை, ரத்தப் பரிசோதனைக்கு ஒரு வரிசை. அன்றைய கூலி போயிற்று. துணைக்கு வந்த மனைவியின் கூலியும் போயிற்று. ஆகவே அவன் மருந்துக் கடைக்குப் போகிறான். இரண்டு செபிக்சிம் மாத்திரையை விழுங்கிவிட்டு மறுநாள் வயலில் இறங்குகிறான்.

வந்தது உண்ணிக் காய்ச்சலாக இருந்தால்? புதரிலும் வரப்பிலும் கிடக்கும் கண்ணுக்குத் தெரியாத சிற்றுண்ணி கடித்து வருவது அது. செபிக்சிம் அந்தக் கிருமியை ஒன்றும் செய்யாது. வேண்டியது டாக்சிசைக்ளின் என்ற பழைய, மலிவான மருந்து. நாள் கடந்தால் நுரையீரலும் மூளையும் பாதிக்கும், உயிரே போகலாம். பென்சிலின் ஒவ்வாதவனுக்கு ஊசி போட்ட சில நிமிஷங்களில் மூச்சு அடைத்துவிடும். ஸ்ட்ரெப்டோமைசின் காதைச் செவிடாக்கும். சிப்ரோபிளாக்சசின் சிலருக்குக் குதிகால் தசைநாரையே அறுக்கும். டெட்ராசைக்ளின் சிறு பிள்ளைகளின் பல்லில் அழியாத கறையை ஏற்றும். சாதாரணச் சளிக்கோ காரணம் வைரஸ். அதை இவற்றில் எதுவும் தொடாது. இதையெல்லாம் அந்தத் தொழிலாளிக்கு எடுத்துச் சொன்னவர் யார்?

சட்டம் இல்லாமல் இல்லை. 2014 மார்ச் 1 முதல் எச்-1 அட்டவணை அமுலில் இருக்கிறது. அதில் கண்ட மருந்தை விற்றால் டாக்டர் பெயர், நோயாளி பெயர், அளவு எல்லாம் தனிப் பதிவேட்டில் ஏற வேண்டும். மூன்று வருஷம் அதைப் பாதுகாக்க வேண்டும். செபிக்சிம் போன்ற மூன்றாம் தலைமுறை மருந்துகளும் அந்த அட்டவணையில் அடக்கம். அப்படியிருந்தும் மாத்திரை தாராளமாகக் கைமாறுகிறதென்றால் கேள்வியை யாரிடம் கேட்பது, வாங்கியவனிடமா?

மற்ற மருந்தெல்லாம் தோற்றபின் டாக்டர்கள் நாடும் கடைசி ஆயுதம் கொலிஸ்டின். கோழி சீக்கிரம் கொழுத்து எடை ஏற வேண்டுமென்று அதைத் தீவனத்தில் கலந்தார்கள்! மத்திய சர்க்கார் தடை போட்டது 2019ல்தான். கலந்தது எந்தக் கூலிக்காரன்?

ஜனங்களின் தேவைக்காக மருந்து செய்யவென்றே 1954ல் பிம்ப்ரியில் ஹிந்துஸ்தான் ஆன்டிபயாடிக்ஸ் பிறந்தது. 1961ல் ஐ.டி.பி.எல். வந்தது, சோவியத் உதவியோடு ரிஷிகேசத்தில் ஆன்டிபயாடிக் ஆலை எழுந்தது. 2016 டிசம்பரில் மத்திய மந்திரிசபை என்ன முடிவு செய்தது தெரியுமா? ஐ.டி.பி.எல்லை மூடுவது, பிம்ப்ரியை விற்பது! லாபத்துக்குச் செய்யும் சரக்கு அதிகம் விற்றாக வேண்டும். அளவோடு விற்பதில் முதலாளிக்கு என்ன கிடைக்கும்? அந்த முடிவை ஆதரித்தவர்கள்தான் இன்று கூலிக்காரனுக்குச் சிக்கனம் போதிக்கிறார்கள்.

நாம் கேட்பது இதுதான். விழுப்புரம், திண்டிவனம் வட்டார அரசு ஆஸ்பத்திரிகளில் வேலை முடிந்து வருகிறவர்களுக்காக இரவு 8 மணி வரை புறநோயாளிப் பிரிவு நடக்க வேண்டும். காய்ச்சல் பரிசோதனை முடிவு அன்றே கைக்கு வர வேண்டும். எச்-1 பதிவேடுகளைக் கடை கடையாகப் புரட்டிப் பார்க்கப் போதிய ஆய்வாளர்களை நியமிக்க வேண்டும்.

விவசாயத் தொழிலாளர் சங்கத் தோழர்களுக்கும் வேலை உண்டு. டாக்டர் சொன்ன நாள் முழுவதும் மாத்திரை சாப்பிட வேண்டும், மிச்சத்தைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுக்கக் கூடாது, முன்பு ஒத்துக்கொள்ளாத மருந்தின் பெயரை டாக்டரிடம் முதலிலேயே சொல்லிவிட வேண்டும்: இவற்றை வருகிற கிளைக் கூட்டங்களிலேயே பேசுங்கள். ஆஸ்பத்திரி நேரத்தை நீட்டக் கோரும் மனுவுக்கும் அங்கேயே கையெழுத்து வாங்குங்கள்.