ஈறு தேய்வும் விலக்கப்பட்ட பல்லும்

ஈறு தேய்ந்து பல்லின் வேர் தெரிவதை முதுமையின் இயல்பென்று பலரும் ஒதுக்கிவிடுகின்றனர். அமெரிக்க அரசு 1988 முதல் 1994 வரை நடத்திய தேசிய உடல்நல ஆய்வில், 30 வயதைக் கடந்தோரில் 58 விழுக்காட்டினருக்குக் குறைந்தது ஒரு மில்லிமீட்டர் தேய்வு காணப்பட்டது. 3 மில்லிமீட்டருக்குக் குறையாத கடுந்தேய்வு, ஐந்தில் ஒருவருக்குச் சற்று மேல். வயது ஏற ஏற இரண்டும் கூடின.

தேய்ந்த ஈறு தானாக வளராது. ஆனால், பற்காரையை அகற்றி, அழுத்தித் துலக்கும் பழக்கத்தை விட்டால் மேலும் தேயாமல் பெரும்பாலும் காக்கலாம், செலவும் குறைவு. முதியோருக்கென 1965இல் பிறந்த மெடிகேர் காப்பீடோ வழக்கமான பல் மருத்துவத்தைத் தொடக்கத்திலேயே விலக்கிவிட்டது. பல் உடலுறுப்பு அல்ல போலும்! இதைச் சிக்கனம் என்பது கணக்குப் பிழை. தவிர்த்த சிறு செலவு, பின்னர் செயற்கைப் பல்லாக முதியவரின் கையிருப்பைக் கரைக்கிறது. 2021இல் பல் மருத்துவத்தை மெடிகேரில் சேர்க்க முன்வைக்கப்பட்ட திட்டமும், செலவைக் குறைக்கும் பேரத்தில் கைவிடப்பட்டது.