டீச்சருக்கு 12 மாசம் லீவு, ஸ்டூடண்டுக்கு?

தோழர்களே, முதல்ல ஒரு சின்னக் கணக்கு போட்டுருவோம். இன்ஜினியரிங் படிச்ச பழக்கம், கணக்கு போடாம பேச வராது.

ஒரு செமஸ்டரை 75 வேலை நாள்னு வெச்சுக்குங்க. அண்ணா பல்கலைக்கழக விதிப்படி தேர்வு எழுத 75 சதவீத அட்டெண்டன்ஸ் வேணும். அதாவது அதிகபட்சம் 18 நாள் லீவு போடலாம். மருத்துவச் சான்றிதழ் இருந்தா 65 சதவீதம் வரைக்கும் இறங்கி வருவாங்க, அப்போ 26 நாள். இப்போ சட்டத்துக்கு வாங்க. பிரசவமான பெண்ணை அடுத்த ஆறு வாரத்துக்கு வேலைக்கு வைக்கவே கூடாதுன்னு சட்டம் சொல்லுது. ஆறு வாரம்னா 30 வேலை நாள்.

26 எங்கே, 30 எங்கே? பிரசவத்துக்கு முன்னாடி போன செக்கப், வாந்தி மயக்கத்துல படுத்த நாள் எல்லாம் இதுல சேரவே இல்ல. வேலை பார்க்குற பெண் எந்த நாள்ல வேலைக்கே வரக்கூடாதுன்னு சட்டம் சொல்லுதோ, அதே நாள்ல படிக்கிற பெண் வகுப்புல உட்கார்ந்திருக்கணும். இல்லேன்னா அந்த செமஸ்டரை அடுத்த வருஷம் மறுபடி படிக்கணும்.

தமிழ்நாட்டுல அரசு ஊழியர்களுக்கு மகப்பேறு விடுப்பு 2021 ஜூலையில இருந்து 12 மாதம். நல்ல விஷயம், வரவேற்கிறோம். ஆனா ஒரு அரசுக் கல்லூரி வகுப்பறையை நினைச்சுப் பாருங்க. போர்டு பக்கம் நிக்கிற பேராசிரியைக்கு 12 மாசம் உரிமை. மூணாவது பெஞ்சுல உட்கார்ந்திருக்கிற மாணவி, ‘சார், கொஞ்சம் பார்த்து பண்ணுங்க சார்’னு எச்.ஓ.டி. ரூம் வாசல்ல நிக்கணும். ரெண்டு பேருக்கும் உடம்பு ஒண்ணுதானே?

என் கிளாஸ்ல ஒரு பொண்ணு இருந்தா. ரெண்டாவது வருஷம் முடிஞ்ச லீவுல கல்யாணம், ஆறாவது செமஸ்டர்ல குழந்தை. எக்ஸாம் ஹாலுக்கு வெளியே வேப்பமரத்தடியில அவ அம்மா குழந்தையை மடியில போட்டுக்கிட்டு உட்கார்ந்திருப்பாங்க. மூணு மணி நேரம் பால் கட்டி, துப்பட்டாவை இழுத்து மூடிக்கிட்டுதான் அவ பேப்பர் எழுதினா. அட்டெண்டன்ஸ் குறைவுன்னு அடுத்த செமஸ்டர்ல நிறுத்திட்டாங்க. அதோட வரல. சிக்னல்ஸ் பேப்பர்ல எங்க செட்லயே அவதான் டாப். புருஷனும் அதே ஊர்ல வேற காலேஜ்ல படிச்சுட்டுதான் இருந்தான். அப்பா ஆனதுக்காக அவனுக்கு ஒரு பீரியட் அட்டெண்டன்ஸ்கூடப் போகல.

‘படிக்கிற வயசுல கல்யாணம், குழந்தை எதுக்கு?’ன்னு கீழே ஒருத்தராவது கேப்பீங்க, தெரியும். அந்தக் கேள்வியை அவ வீட்டுப் பெரியவங்ககிட்டதான் கேக்கணும். தேதி குறிச்சது அவங்க. அரியர் வெச்சவனுக்கே திரும்பத் திரும்ப வாய்ப்பு கொடுக்குற சிஸ்டம் இது. ‘ஒரு வருஷம் பிரேக் எடுத்துட்டு வரட்டுமே’ன்னும் சொல்லுவாங்க. குழந்தை பிறந்தப்புறம் ஒரு வருஷம் வீட்டுல இருந்த மருமகளைத் திரும்பக் காலேஜுக்கு அனுப்புற வீடு எத்தனை இருக்கு, நீங்களே சொல்லுங்க.

ஜவ்வாது மலை ஸ்ரீபதியை ஞாபகம் இருக்கா? பழங்குடிப் பெண். குழந்தை பிறந்த ரெண்டே நாள்ல 200 கிலோமீட்டருக்கு மேல பயணம் பண்ணி சென்னைக்கு வந்து சிவில் நீதிபதி தேர்வு எழுதினாங்க, 2024 பிப்ரவரியில ஜெயிச்ச செய்தி வந்துச்சு. நாம எல்லாரும் ஸ்டேட்டஸ் வெச்சோம், நானும்தான் வெச்சேன். பச்சை உடம்போட அவ்வளவு தூரம் வர வேண்டிய நிலைமை ஏன் வந்துச்சுன்னு எத்தனை பேர் கேட்டோம்?

வழி இல்லாம இல்ல. உத்தரப்பிரதேசத்துல ஒரு பி.டெக். மாணவி கேஸ் போட்டு, இளநிலை மாணவிகளுக்கும் மகப்பேறு சலுகை விதிகள் கொண்டு வரணும்னு 2021 டிசம்பர்ல அலகாபாத் உயர் நீதிமன்றத்துல உத்தரவு வாங்கினாங்க. அதே மாசம் யு.ஜி.சி.யும் இளநிலை, முதுநிலை மாணவிகளுக்கு மகப்பேறு விடுப்பு, அட்டெண்டன்ஸ் தளர்வு கொடுக்க விதி வகுக்கச் சொல்லி பல்கலைக்கழகங்களுக்குக் கடிதம் எழுதினாங்க. கோட்டயம் மகாத்மா காந்தி பல்கலைக்கழகம் 2022 டிசம்பர்ல 60 நாள் விடுப்பு அறிவிச்சுது. பக்கத்து மாநிலம்தான்.

நம்ம கோரிக்கை ரொம்ப சிம்பிள். மகப்பேறு விடுப்பை மெடிக்கல் லீவோட குழப்பாம தனியா எழுதுங்க. அந்த நாட்களை அட்டெண்டன்ஸ் கணக்குல இருந்து கழிச்சிடுங்க. விட்ட லேப், இன்டர்னல் டெஸ்ட்டைத் திரும்ப வெச்சுக் கொடுங்க, அதுக்குத் தனி ஃபீஸ் வாங்காதீங்க. அப்புறம் ஒரு அறை. 2015-லயே பஸ் ஸ்டாண்டுகள்ல தாய்ப்பால் ஊட்டும் அறை வந்துருச்சு. பல ஏக்கர்ல கேம்பஸ் வெச்சிருக்கிற கல்லூரிக்கு ஒரு ஃபேன், ஒரு நாற்காலி, ஒரு தாழ்ப்பாள் போடுறது பெரிய செலவா?

உங்க கல்லூரி விதிப் புத்தகத்துல ‘மகப்பேறு’ங்கிற வார்த்தை இருக்கான்னு இன்னைக்கே தேடிப் பாருங்க. இருந்தா அந்தப் பக்கத்தைப் போட்டோ எடுத்துப் போடுங்க, இல்லேன்னா கல்லூரி பேரை மட்டும் போடுங்க. மாணவிகள் பேர் வேண்டாம். மாவட்ட வாரியா தொகுத்து உயர்கல்வித் துறைக்கு மனுவா கொடுக்கப் போறோம்.

- தகவல் தொழில்நுட்ப அணி
#மாணவிக்கும்_மகப்பேறு_விடுப்பு