ஒப்புதலோடு முடிவதில்லை சோதனை

ஒரு மருந்து விற்பனைக்கு வருமுன் சில நூறு அல்லது சில ஆயிரம் பேரிடம், பெரும்பாலும் சில மாதங்களே சோதிக்கப்படுகிறது. வந்த பிறகோ லட்சக்கணக்கானோர் ஆண்டுக்கணக்கில் சாப்பிடுகிறார்கள். அவர்களில் முதியவர்களும், நான்கைந்து நோய்களுக்குச் சேர்த்து மாத்திரை விழுங்குபவர்களும் உண்டு. ஆகவே, ஒப்புதலுக்குப் பிந்தைய நான்காம் கட்டச் சோதனையை வெறும் சம்பிரதாயமாக நடத்தக் கூடாது.

1980களில் அமெரிக்காவில் மாரடைப்பிலிருந்து மீண்ட பலருக்கு என்கைனைடு, ஃப்ளெகைனைடு என்ற மருந்துகள் தரப்பட்டன. இரண்டும் ஒப்புதல் பெற்றவை. தாறுமாறான இதயத்துடிப்பு ஈ.சி.ஜி.யில் சீரானதால், உயிரும் காக்கப்படுகிறது என்றே மருத்துவர்கள் நம்பினார்கள். ஒரு பிரிவினருக்கு வெற்று மாத்திரை கொடுத்து ஒப்பிடுவதே அநியாயம் என்று வாதிட்டவர்களும் உண்டு. ஆனால், 'காஸ்ட்' என்ற ஆய்வு அப்படி ஒப்பிட்டது. மருந்து சாப்பிட்ட 755 பேரில் 63 பேர் இறந்திருந்தார்கள். வெற்று மாத்திரை சாப்பிட்ட 743 பேரில் இறந்தவர்கள் 26 பேர்தான். 1989 ஏப்ரலில் அந்த மருந்துகள் ஆய்விலிருந்து நிறுத்தப்பட்டன.

பக்கவிளைவுப் புகார்களைச் சேகரித்தாலே போதாதா என்று கேட்கலாம். இந்தியாவில் 2010 முதல் அதற்கென ஒரு திட்டம் இயங்குகிறது, அது அவசியமும்கூட. ஆனால், ஏற்கெனவே மாரடைப்பு வந்த ஒருவர் இறந்தால் மருந்தின் மேல் யார் சந்தேகப்படுவார்கள்? யாரும் புகார் எழுதமாட்டார்கள். இரு பிரிவினரை அருகருகே வைத்து எண்ணினால்தான் அந்த வித்தியாசம் தெரியும். சோதனை, சோதனை என்றால் நல்ல மருந்து தாமதமாகும், விலை ஏறும் என்பது இன்னொரு வாதம். செலவு உண்மைதான். ஆனால், நான்காம் கட்டச் சோதனை மருந்தைத் தடுப்பதில்லை. நோயாளிக்கு மருந்து கிடைத்துக்கொண்டிருக்கும்போதே நடப்பது. பலனற்ற, ஆபத்தான மருந்துக்கு மக்கள் கொட்டும் பணமும் செலவுதானே?

நமக்கு இது இன்று கூடுதல் அவசரம். அமெரிக்கா, பிரிட்டன், ஜப்பான் உள்ளிட்ட நாடுகளில் ஒப்புதல் பெற்ற சில வகைப் புதிய மருந்துகளுக்கு, இங்கே சோதிக்காமலே அனுமதி தர 2024 ஆகஸ்டில் மத்திய அரசு வழிசெய்தது. இப்படி விலக்கு பெறும் நிறுவனங்கள் நான்காம் கட்டச் சோதனை நடத்துவதாகப் பொதுவாக எழுதிக்கொடுக்க வேண்டும் என்கின்றன 2019ஆம் ஆண்டு விதிகள். அந்த வாக்குறுதி கோப்பிலேயே தூங்கிவிடக் கூடாது. ஒவ்வொரு சோதனைக்கும் கெடு விதிக்க வேண்டும். முடிவு சாதகமோ பாதகமோ, பொதுவெளியில் வைக்க வேண்டும். கெடு தவறினால் அனுமதியை நிறுத்திவைக்க வேண்டும். நம்பி வாயில் போட்டுக்கொள்ளும் நோயாளிக்கு இது சலுகையல்ல, உரிமை.