தகடு வீதிக்கு உரியது. முகவரி வீட்டுக்கு உரியது

வண்டித் தகட்டிலுள்ள ஓரெழுத்துக்காக மக்கள் சிறை புகுந்த நாடு இது. 1957 ஆம் ஆண்டின் தொடக்கத்தில் மோட்டார் வண்டி இலக்கத் தகடுகளிற் சிங்கள ‘ஸ்ரீ’ புகுத்தப்பட்டபோது தமிழரசுக் கட்சி அறப்போர் தொடுத்தது. தொண்டர்கள் சிங்கள எழுத்தை அழித்துத் தமிழ் எழுத்தைத் தீட்டினர். தந்தை செல்வாவும் மட்டக்களப்புச் சிறையில் இருந்தார். தகரத் துண்டுக்கு இத்தனை ஆரவாரமா என்று நகைத்தோரும் அன்று உண்டு. அரசு தன் குடிகளை எவ்வாறு மதிக்கின்றது என்பதை அத்தகரத் துண்டே காட்டிக் கொடுக்கும் என்பதைப் பின்வந்த காலம் மெய்ப்பித்தது.

‘ஸ்ரீ’ போய் ஆங்கில எழுத்துகள் வந்தன. அவற்றோடு மாகாணக் குறியும் வந்தது. நம் வண்டி எங்குச் சென்றாலும் ‘நான் கிழக்கு’ என்று தன்னைத் தானே அறிவித்துக்கொண்டே சென்றது. போர்க்காலச் சோதனைச் சாவடிகளில் அக்குறி எவ்வாறு படிக்கப்பட்டது என்பதை நம் சாரதிகளுக்கு நாம் எடுத்துரைக்க வேண்டியதில்லை. 2023 சனவரி முதல் வழங்கப்படும் புதிய தகடுகளில் மாகாணக் குறி இல்லை; நன்று. ஆயின் அதே போர்க்காலத்தில் இலக்கமற்ற வெள்ளை வான்களில் ஏற்றிச் செல்லப்பட்டோர் பலர் இன்றுவரை வீடு திரும்பவில்லை. எளியவனின் வண்டிக்கு இலக்கம். வலியவனின் வண்டிக்கு இருள். இதுவன்றோ நாம் கண்ட நீதி!

இன்று நாம் எழுப்பும் வினா, தகட்டுக்குப் பின்னாலுள்ள பதிவேட்டைப் பற்றியது. உரிமையாளரின் பெயர், முகவரி, எஞ்சின் இலக்கம், செசி இலக்கம் யாவும் அங்கே உள்ளன. இன்றைய கார்களின் செசி இலக்கம் 17 எழுத்தும் எண்ணும் கொண்டது. வண்டிக்கு அது பிறப்புச் சான்று போன்றது. அது கயவர் கையிற் சிக்கினால், களவெடுத்த வண்டி ஒன்று உமது வண்டியின் பெயரில் ஊரெல்லாம் ஓடும். விசாரணைக்கு நிற்பவர் நீராயிருப்பீர்.

இலக்கத் தகடு வேண்டாமென்று நாம் கூறவில்லை. வெல்லாவெளியில் நெல்லேற்றிச் செல்லும் உழவு இயந்திரத்தை இடித்துவிட்டு ஒரு லொறி ஓடி மறையுமானால், ஏழை விவசாயிக்குத் துணை அந்த லொறியின் இலக்கமே. ஆனால் பட்டிருப்புப் பாலத்தைக் கடந்து பாடசாலைக்கு மோட்டார் சைக்கிளிற் செல்லும் ஆசிரியையின் இலக்கத்தைக் குறித்துக்கொள்ளும் அந்நியன் ஒருவன், அதைக்கொண்டு அவர் வீட்டு வாசலை அடையலாமா? முன்னவர் கேட்பது நீதி. பின்னவன் தேடுவது இரை. இரண்டுக்கும் ஒரே கதவைத் திறந்துவிடும் பதிவேடு பதிவேடன்று.

இது வெறுங் கற்பனையன்று. 1989 இல் அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் ரெபெக்கா ஷேஃபர் என்ற நடிகை தம் வீட்டு வாசலிலேயே சுட்டுக் கொல்லப்பட்டார். கொலைஞன் அவரது முகவரியைத் தனியார் துப்பறிவாளர் ஒருவர் மூலம் மோட்டார் வாகனத் திணைக்களப் பதிவேட்டிலிருந்து பெற்றிருந்தான். 1994 இல் சாரதிகளின் தனியுரிமையைக் காக்க அந்நாடு சட்டம் இயற்றியது. இந்தியாவிலோ அரசே வணிகனாயிற்று. 2019 இல் வாகன, சாரதிப் பதிவுகளை மொத்தமாக விற்கும் கொள்கை வகுக்கப்பட்டது. பதிவுகளைத் தனியாருக்குத் திறந்துவிட்டதால் ஏறத்தாழ 65 கோடி ரூபா கிடைத்ததென அமைச்சரே நாடாளுமன்றத்தில் உரைத்தார். கண்டனம் எழுந்தது, 2020 இல் அக்கொள்கை கைவிடப்பட்டது.

நம் நாட்டின் நிலை யாது? அரசியலமைப்பின் அடிப்படை உரிமைகளுள் தனியுரிமை தனியோர் உரிமையாக எழுதப்படவில்லை. 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறியது. 2025 மார்ச்சில் நடைமுறைக்கு வரவிருந்த அதன் முக்கிய பகுதிகளோ ஒத்திவைக்கப்பட்டன. குடிமகன் வரி கட்டத் தவணை தவறினால் தண்டம். அரசு தன் கடமைக்குத் தவணை தவறினால் மற்றொரு தவணை!

‘குற்றமற்றவனுக்கு அச்சம் ஏன்?’ என்பார் சிலர். குற்றமற்ற எத்தனை பேரின் வண்டி இலக்கங்கள் சாவடிக் கொப்பிகளில் ஏறின என்பதைப் படுவான்கரை மக்களிடம் அவர்கள் கேட்டறியட்டும்.

நாம் கோருவன மூன்று. விபத்து, காப்புறுதி, நீதிமன்ற விசாரணை போன்ற சட்டபூர்வமான தேவையின்றி உரிமையாளரின் முகவரி எவருக்கும் வெளியிடப்படலாகாது. பதிவேட்டைப் பார்க்கும் அதிகாரியின் பெயரும் காரணமும் ஒவ்வொரு முறையும் பதியப்பட்டு, உரிமையாளர் கேட்டால் அறிவிக்கப்படல் வேண்டும். தகடின்றி எந்த அரச வண்டியும் வீதியில் ஓடலாகாது.

நம்மவர்க்கும் ஒரு கடமை உண்டு. வண்டியை விற்றபின் பெயர் மாற்றாது விடுவதும், பதிவுப் புத்தகத்தின் பிரதியைக் கேட்டவர்க்கெல்லாம் கொடுப்பதும் நம் கழுத்துக்கு நாமே கயிறு திரிப்பதாகும். விவசாயச் சங்கங்களும் ஆசிரியர் சங்கங்களும் இக்கோரிக்கைகளைத் தீர்மானமாக்கித் தம் பாராளுமன்ற உறுப்பினர்களிடம் கையளிக்கட்டும். அன்று தகட்டின் முகப்பில் நம் மானத்தைக் காக்க எழுந்தோம். இன்று அதன் பின்னால் நம் வீட்டு வாசலைக் காக்க எழுவோமாக.