எல்லை வகுப்போர் யார்?

திருகோணமலை நகரிலிருந்து நிலாவெளி நோக்கிச் செல்லும் வீதியிலே, ஒருபுறம் கடலும் மறுபுறம் களப்புமாக அமைந்த ஊர் சாம்பல்தீவு. வயலும் வலையும் சோறிடும் அம்மண்ணிலே இன்று புதுமனைகள் பல எழுகின்றன. போரும் ஆழிப்பேரலையும் மாறிமாறிச் சிதைத்த ஊரில் ஒரு குடும்பம் மீண்டும் கல் நாட்டுவதென்பது சிறிய காரியமன்று. அக்கல்லை எங்கே நாட்டுவது என்பதும் சிறிய கேள்வியன்று.

வீடு கட்டப் புகுவோன் நாள் பார்க்கிறான்; மனையடி சாத்திரம் பார்க்கிறான்; வாசல் எத்திசையென்று பெரியோரைக் கேட்கிறான். இவற்றை நாம் குறைகூறவில்லை. ஆயின், வீதியிலிருந்து எத்தனை அடி, வேலியிலிருந்து எத்தனை அடி, கிணற்றிலிருந்து எத்தனை அடி என்று கேட்பவர் எத்தனை பேர்? அத்திவாரம் இட்டபின் கேட்பதனாற் பயனில்லை. சுவரைப் பெயர்த்து நகர்த்தி வைக்க ஒருவராலும் இயலாது.

விலகல் விதிகள் என்றதும் கந்தோர்க்காரரின் கெடுபிடி என்றே நம்மவர் எண்ணுகின்றனர். அவற்றின் காரணத்தை எவரும் எடுத்துச் சொல்லாமையே இவ்வெண்ணத்துக்குக் காரணம். வீதியோரம் இடம் விடுவது, நாளை வீதி அகலும்போது திண்ணை இடிபடாதிருப்பதற்காக. நகர அபிவிருத்தி அதிகார சபையின் விதிகள் செல்லும் இடங்களிற் சிறு வீட்டுக்கும் பின்புறம் 2.3 மீற்றர், அதாவது ஏழரை அடி, விடவேண்டுமென்பது, காற்றும் ஒளியும் உமக்கும் அயலவருக்கும் கிடைப்பதற்காக. கச்சான் அனல் வீசும் மாதங்களில் காற்றோட்டமற்ற வீட்டில் வாழ்ந்தவர்க்கு இதன் அருமை தெரியும்.

எல்லாவற்றிலும் பெரியது கிணற்றின் கதை. கிணற்றுக்கும் மலக்குழிக்கும் இடையே ஐம்பது அடியேனும் வேண்டுமென்பது நம் நாட்டிற் பொதுவாகச் சொல்லப்படும் அளவு. மணற்பாங்கான நிலத்தில் நீர் விரைந்து ஊறுமாதலால் அங்கே இவ்வளவு குறையக் கூடாது. பத்துப் பேர்ச்சஸ் காணி ஒன்றை எடுத்துக்கொள்வோம். நாற்பது அடி அகலமும் அறுபத்தெட்டு அடி நீளமுமாக அது அமைந்தால், கிணறு வீதிப்பக்கத்திலும் குழி பின்கோடியிலும் இருந்தாலன்றி ஐம்பது அடி கிடையாது. வீடு இவ்விரண்டுக்கும் இடையே அமைய வேண்டியதுதான். இத்தனையும் நீர் செய்த பின்னர், அயல் வளவுக்காரர் தம் குழியை முன்புறத்தில், உமது கிணற்றுக்கு நேரே வேலியோரமாக வெட்டினால் என்ன ஆகும்? உமது அளவை அத்தனையும் வீண். ஆகவே இது தனியொருவன் தன் வளவுக்குள் தீர்த்துவிடக்கூடிய காரியமன்று. ஓர் ஒழுங்கையிலுள்ளோர் அனைவரும் கிணறு ஒருபக்கம், குழி மறுபக்கம் என்று கூடி உடன்பட வேண்டும். சீதனத்துக்காகக் காணியைத் துண்டாடும்போதே இதை எண்ணிப் பார்த்துப் பிரிக்க வேண்டும்.

இனிக் கடலுக்கு வருவோம். 2004 டிசம்பர் 26ஆந் திகதி எழுந்த பேரலை இலங்கையில் முப்பதினாயிரத்துக்கு மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோயிற்று. அதன் பின் 2005ஆம் ஆண்டிலே அரசாங்கம் ஓர் எல்லையை வகுத்தது. தெற்கிலும் மேற்கிலும் கடலிலிருந்து 100 மீற்றர், வடக்கிலும் கிழக்கிலும் 200 மீற்றர் வரை வீடு கட்டலாகாது என்றது. முற்றாக அழிந்த வீட்டை மீளக் கட்டுதற்கு வழங்கப்பட்ட இரண்டரை இலட்சம் ரூபா உதவி இவ்வெல்லைக்கு வெளியே இருந்தோருக்கே உரியதாயிற்று. உள்ளே இருந்தோர் தம் மண்ணை விட்டு வேறிடத்து வீட்டுக்காகக் காத்திருக்க வேண்டியதாயிற்று. வலையும் வள்ளமும் கரையில், குடும்பம் தொலைவில் என்றால் மீனவன் எப்படிப் பிழைப்பான்? அவனுக்கு மறுக்கப்பட்ட கரை உல்லாச விடுதிகளுக்கு மட்டும் திறந்திருந்தது என்ற குறையும் அந்நாளிற் பரவலாக எழுந்தது.

கடலோரத்தில் இடம் விடவேண்டும் என்பதை நாம் மறுக்கவில்லை. உயிர் காக்கும் விதியை எதிர்ப்பவர் எவருமிலர். ஆனால், அலை மீற்றர்க்கோல் பிடித்து வருவதில்லை. நிலத்தின் உயரம், மணல்மேட்டின் திண்மை, களப்பு முகத்தின் திறப்பு ஆகியவையே அது எவ்வளவு தூரம் ஏறுமென்பதைத் தீர்மானிக்கின்றன. இவற்றை ஊருக்கு ஊர் பாராமல், தலைநகரில் இருந்தபடி படத்தின்மேல் ஒரே கோடு இழுத்தமையே அன்று நேர்ந்த பிழை. பின்னர் அரசாங்கமே அக்கோட்டைக் கைவிட்டது. இடத்துக்கு ஏற்ப 35 மீற்றர் முதல் 125 மீற்றர் வரை மாறுபடும் பழைய கரையோரத் திட்ட அளவுக்கே திரும்பியது. ஆனால் அதற்குள் கொட்டிலில் கழிந்த மாதங்களை ஏழைக்கு யார் திருப்பிக் கொடுப்பது?

இன்றும் சட்டங்களுக்குக் குறைவில்லை. 1981ஆம் ஆண்டின் கரையோரம் பேணற் சட்டத்தின்படி, உயர்நீர் மட்டத்திலிருந்து தரைப்பக்கம் 300 மீற்றர் வரை கரையோர வலயமாகும். கடலோடு தொடர்புள்ள களப்புகளையும் அச்சட்டம் தொடுகிறது. அவ்வலயத்தில் வீடெழுப்ப அனுமதி வேண்டும். 1915ஆம் ஆண்டின் வீடமைப்பு, நகர மேம்பாட்டுக் கட்டளைச் சட்டமோ, உள்ளூராட்சி மன்றத்திடம் வரைபடத்துக்கு அங்கீகாரம் பெறுமாறும், கட்டி முடித்தபின் இணக்கச் சான்றிதழ் பெறுமாறும் பணிக்கிறது. இந்தச் சட்டங்களை எத்தனை வீட்டுக்காரர் அறிவர்? 1988ஆம் ஆண்டின் பதினாறாவது திருத்தத்தின்படி வடக்கிலும் கிழக்கிலும் நிர்வாக மொழி தமிழ். அப்படியிருக்க, எந்தக் காணிக்கு எத்தனை மீற்றர் என்பதைத் தெளிந்த தமிழில், வரைபடத்தோடு ஒவ்வொரு கிராம அலுவலர் கந்தோரிலும் ஏன் தொங்கவிடலாகாது? எல்லையை நிலத்திலேயே கல்லிட்டு ஏன் காட்டலாகாது? அத்திவாரம் எழும்வரை பார்த்திருந்து, சுவர் எழுந்தபின் கடிதம் அனுப்புவது ஆட்சியாகாது.

அரசாங்கத்தைக் கேட்கும் நாம் நம்மையும் கேட்டுக்கொள்ள வேண்டும். ஊரிலுள்ள நில அளவையாளரும் பொறியியலாளரும் சட்டத்தரணிகளும் மாதத்தில் ஒரு நாளை ஏழை வீட்டுக்காரருக்காக ஒதுக்கலாகாதா? கமக்காரர் தம் காணியின் உறுதியையும் அளவைப்படத்தையும் தேடியெடுத்து, எல்லைகளைச் சரிபார்த்து வைக்க வேண்டாமா? ஆவணமில்லாதவன் அழிவு நேரத்தில் தன் வீட்டையே நிரூபிக்க முடியாது தவித்ததை நாம் கண்டிருக்கிறோம்.

ஊரவர் கூடி, காரணம் அறிந்து வகுக்கும் எல்லை மதிலைப் போலக் காக்கும். ஊரைக் கேளாமல் வகுக்கப்படும் எல்லை ஊரையே பெயர்க்கும். சாம்பல்தீவில் அடுத்த கல் நாட்டப்படுமுன் கயிறு பிடிக்கப்படட்டும். அக்கயிற்றின் ஒரு நுனி அதிகாரியின் கையில் இருக்குமானால், மறுநுனி அம்மண்ணுக்குரியவன் கையில் இருக்க வேண்டும்.