மறுகாலை அடைக்காதீர்கள்

“கூப்பிடுறவன் சரியான மதிப்பைக் கொடுக்கணும். அதை நான் ஏன் சரிபார்க்கணும்?” கோட் ரிவ்யூக்களில் பத்து வருஷமாக இதைக் கேட்கிறேன். சொல்கிறவர்கள் எல்லாருமே கெட்டிக்காரர்கள். அதனால்தான் பயமாக இருக்கிறது.

2024 ஜூலை 19. நம் விமான நிலையங்களில் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்களே, ஞாபகம் இருக்கா? கிரவுட்ஸ்ட்ரைக் நிறுவனத்தின் பாதுகாப்பு மென்பொருள் உலகம் முழுக்க சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகளைச் சாய்த்திருந்தது. வைரஸ் எதுவும் வரவில்லை. அந்த நிரலின் கைக்கு வந்தவை 20 உள்ளீடுகள்; புதிதாக வந்த விதிக்கோப்பு 21-ஆவதைப் பார்க்கச் சொன்னது. பார்த்தது. அங்கே கிடந்த குப்பையை முகவரி என்று நம்பி, இல்லாத நினைவகத்தைப் படிக்கப் போனது. சாதாரணச் செயலி என்றால் அது மட்டும் சாகும். இது இயங்குதளத்தின் அடிமடியான கர்னலுக்குள் ஓடுவது. மொத்த மெஷினும் நீலத்திரை.

கோப்பைச் சோதிக்கத் தனி நிரல் இருந்தது. 21 வரும் என்று அதுவும் நம்பியது. அதுவரையிலான சோதனைகளில் 21-ஆம் இடத்தில் ‘எது வந்தாலும் சரி’ என்ற குறி இருந்ததால், அதை யாரும் தொட்டே பார்க்கவில்லை. படிக்கிற இடத்தில் எண்ணிக்கையைச் சரிபார்க்க ஒரு வரி போதும். அதைப் பிறகுதான் சேர்த்தார்கள்.

எங்க நாஞ்சில் நாட்டில் பேச்சிப்பாறை அணையிலிருந்து அளந்துதான் தண்ணீர் விடுகிறார்கள். அதற்காக எந்த ஊர்க்காரனும் குளத்தின் மறுகாலை, நிரம்பினால் மிச்சத் தண்ணீர் போகிற வழியை, அடைத்துவிடுவதில்லை. அளந்தது அணைக்காரன் கணக்கு. உடைந்தால் உடைவது நம்ம கரை.

வேகம் குறையும் என்பீர்கள். இரண்டு எண்களை ஒப்பிட இன்றைய பிராசசருக்கு ஒரு நானோ விநாடிகூடப் பெரும்பாலும் ஆகாது.

எல்லாப் ஃபங்ஷனிலும் காவல் போடச் சொல்லவில்லை. உங்கள் கோப்புக்குள்ளேயே நீங்கள் கூப்பிடுகிற சின்ன ஃபங்ஷனுக்கு அது வெறும் இரைச்சல். கோப்பு, நெட்வொர்க், பயனர் நிரல் என்று உங்கள் கைக்கு அப்பாலிருந்து வருகிற எதையும் வாசலிலேயே நிறுத்திப் பாருங்கள். தப்பென்றால் பிழையைத் திருப்பிச் சொல்லுங்கள். நல் பாயின்டர் வந்ததும் சத்தமில்லாமல் ரிட்டர்ன் ஆகிறது பாதுகாப்பு இல்லை. அது விரிசல்மேல் அடிக்கிற சுண்ணாம்பு.

“அப்படி ஒரு மதிப்பு வரவே வராது” என்று அடுத்த ரிவ்யூவில் யாராவது சொன்னால், ஒன்றே ஒன்று கேளுங்கள்: அதைத் தடுக்கிற வரி எந்தக் கோப்பில் இருக்கு?