ஜனாஸாவுக்கு ஓர் அளவை, பாணிக்கு ஓர் அளவை

"முடிந்துபோன கதையை இன்னும் ஏன் கிளறுகிறீர்கள்?" என்று நம்மைக் கேட்கும் நண்பர்கள் பலர். 2024 ஜூலையில் அமைச்சரவை கூடி, கொவிட் காலத்துக் கட்டாயத் தகனத்துக்காக மன்னிப்புக் கோரத் தீர்மானித்தாயிற்று. ஓட்டமாவடி மண்ணில் புல்லும் முளைத்தாயிற்று. பிறகென்ன என்பது அவர்கள் வாதம். மன்னிப்பை நாம் தள்ளவில்லை. ஆனால் மன்னிப்பு என்பது தவறு செய்தவர் மனத்தைப் பற்றிய சங்கதி. நாம் கேட்பது வேறு. எந்த ஆதாரம், யாரால், எந்தத் தராசில் நிறுக்கப்பட்டு, ஒரு சமூகத்தின் இறந்தவர்கள் எரிக்கப்பட்டார்கள்? இந்தக் கேள்விக்கு விடை காணாத வரையில், அடுத்த கொள்ளைநோய் வரும்போதும் அதே தராசுதான் மேசைமேல் இருக்கும்.

நடந்தவற்றை நினைவுபடுத்திக்கொள்வது நல்லது. 2020 மார்ச் 24ஆம் திகதி உலக சுகாதார நிறுவனம் இறந்தோர் உடல்களைக் கையாள்வது பற்றிய வழிகாட்டலை வெளியிட்டது. இவ்வுடல்களினால் எவருக்கும் நோய் தொற்றியதாக அதுவரை சான்றில்லை. தொற்றுநோயில் மாண்டவரை எரித்தே தீரவேண்டும் என்பது பரவலான தப்பெண்ணம். புதைப்பதும் எரிப்பதும் மக்களின் வழக்கத்தையும் வசதியையும் பொறுத்தவை. இதுவே அதன் சாரம். நமது சுகாதார அமைச்சும் முதலில் இரண்டுக்கும் இடமளித்தது. சில தினங்களில் பேச்சு மாறியது. ஏப்ரல் 11ஆம் திகதி வெளியான வர்த்தமானி அறிவித்தல் தகனத்தைக் கட்டாயமாக்கியது. நிலத்தடி நீர் கெட்டுவிடும் என்று காரணம் சொன்னார்கள். அவ்வாறு எங்கேனும் கெட்டதுண்டா, எந்த ஆய்வு அப்படிக் கூறுகிறது என்று கேட்டவர்களுக்கு, "நிபுணர் குழு சொல்லிவிட்டது" என்பதே மறுமொழியாயிற்று. அக்குழு எந்த ஆய்வுகளைப் படித்தது, எவற்றை ஏற்றது, எவற்றைத் தள்ளியது என்ற விவரம் அன்று பொதுமக்கள் கைக்கு எட்டவில்லை.

தமிழ் படித்தவர்கள் என்ற முறையில் இங்கே ஒரு சொல்லைப் பற்றிப் பேச நமக்கு உரிமையுண்டு. நம் மொழியில் அளப்பதற்கும் 'அளவை' என்றே பெயர். ஒன்றை உண்மையென நிறுவும் சான்றுக்கும் 'அளவை' என்றே பெயர். மணிமேகலையில் அளவைவாதி பத்து அளவைகளை எடுத்துரைக்கிறான். அதே காப்பியத்தின் பிற்பகுதியில் பக்கப் போலி, ஏதுப் போலி, திட்டாந்தப் போலி என்று பொய்ச்சான்றுகளும் வகைப்படுத்தப்படுகின்றன. சான்று போலத் தோன்றிச் சான்றாகாமல் நிற்பவற்றுக்குத் தனிப் பெயரும் வகையும் கொடுத்த மரபு இது. அம்மரபில் வந்த ஒருவன், "புதைத்தால் தீங்கில்லை என்பதற்கு நிரூபணமில்லை, ஆகவே எரிக்க வேண்டும்" என்ற வாதத்தைக் கேட்டால் என்ன சொல்வான்? சான்று இல்லாமையையே சான்றாக்கும் ஏதுப் போலி இதுவென்று ஒரே வாக்கியத்தில் முடித்திருப்பான். நமது அதிகாரிகளோ பதினொரு மாதம் அதன்மேல் ஆட்சி நடத்தினார்கள்.

போகட்டும், ஆதாரத்தில் அத்தனை கண்டிப்பானவர்கள் என்றே வைத்துக்கொள்வோம். ஐயம் சிறிதிருந்தாலும் அனுமதிக்கமாட்டாத விஞ்ஞானத் துறவிகள் என்றே கொள்வோம். அப்படியானால் 2020 டிசம்பரில் கேகாலையில் நடந்தது என்ன?

தம்மிக்க பண்டார என்பவர் தேனும் சாதிக்காயும் சேர்ந்த ஒரு பாணியைக் காய்ச்சி, காளி தேவி அருளிய மருந்து இதுவென்றார். சுகாதார அமைச்சர் பவித்ரா வன்னியாராச்சி அதனைப் பகிரங்கமாக அருந்தினார், சபாநாயகரும் அருந்தினார். கூட்டம் கூடாதே என்று நாட்டுக்கே கட்டளையிட்டிருந்த நாளில், பல்லாயிரம் ஏழைகள் ஒரு போத்தல் பாணிக்காக அக்கிராமத்தில் நெருக்கியடித்து நின்றார்கள். அடுத்த மாதம் அமைச்சருக்கே கொரோனா தொற்றியது. நாம் எவர் நம்பிக்கையையும் ஏளனம் செய்யவில்லை. அமைச்சரின் நோயைக் கண்டு மகிழவுமில்லை. கூட்டத்தில் நின்ற கூலித்தொழிலாளி மீதும் நமக்குக் கோபமில்லை. நாளொன்றுக்கு உழைத்தால்தான் அடுப்பெரியும் என்ற நிலையில் இருப்பவன் எதையும் பற்றிக்கொள்வான். நம் கேள்வி அமைச்சிடந்தான். பாணி காக்கும் என்பதற்கு ஒருவர் சொல்லே போதுமானதாக இருந்தது. மையவாடி கொல்லாது என்பதற்கு உலக சுகாதார நிறுவனத்தின் ஏடும் போதவில்லை.

அதே டிசம்பர் மாதம். முதலாம் திகதி, தகனத்துக்கு எதிரான மனுக்களை விசாரணைக்கு எடுக்காமலே உயர் நீதிமன்றம் பெரும்பான்மையாகத் தள்ளிவிட்டது. உறவினர் பொறுப்பேற்க மறுத்த ஜனாஸாக்களையும் எரிக்கலாம் என்றார் சட்டமா அதிபர். ஒன்பதாம் திகதி, பிறந்து இருபது நாளே ஆன ஒரு குழந்தை, பெற்றோர் விருப்பத்துக்கு மாறாகக் கொழும்பில் எரிக்கப்பட்டது. பொரளை மயானத்தின் வேலியில் மக்கள் வெள்ளைத் துணி கட்டினார்கள். கபன் சீலையின் அடையாளமாக. முஸ்லிம்கள் மட்டுமல்ல, சிங்களவரும் தமிழரும் கட்டினார்கள். இதை நம் மாணவர் மறந்துவிடலாகாது. துணிகள் இரவோடிரவாக அகற்றப்பட்டன.

"முன்னெச்சரிக்கை என்று ஒன்றில்லையா? தெரியாத நோய், கடுமையாக இருந்துவிட்டால் என்ன குற்றம்?" என்று கேட்பவர்கள் எல்லாரும் தீயவர்கள் அல்லர். அவர்களுக்கு நாம் பொறுமையாகவே விடை கூறுவோம். முன்னெச்சரிக்கை என்பது இரு தட்டுள்ள தராசு. ஒரு தட்டில் ஊகிக்கப்பட்ட ஆபத்தை வைத்தால், மறு தட்டில் அந்த நடவடிக்கையால் விளையும் தீமையை வைத்தே தீரவேண்டும். எரித்துவிடுவார்களே என்று அஞ்சிக் காய்ச்சல் கண்டவன் பரிசோதனைக்குப் போகத் தயங்கினான். முதியவரை வைத்தியசாலைக்குக் கொண்டுபோகக் குடும்பம் தயங்கியது. 2020 நவம்பரில் அக்கரைப்பற்றுச் சந்தைக் கொத்தணி வெளிப்பட்டு நமது ஊர்கள் முடக்கப்பட்ட வேளையில், இந்த அச்சம் வீடுவீடாக நடமாடியது. ஒளிக்கப்பட்ட ஒரு நோயாளியால் பரவும் நோய் மெய்யான ஆபத்து. ஆறடி மண்ணுக்குள் இருக்கும் உடலால் பரவும் என்பது எங்கும் காணப்படாத ஆபத்து. கனமான தட்டைக் கணக்கிலேயே எடுக்காதவர்கள் முன்னெச்சரிக்கை என்ற சொல்லை உச்சரிக்கலாமா?

நம் பக்கத்து வாதங்களையும் இதே தராசில் ஏற்றவேண்டும். இல்லையேல் நாமும் அவர்களும் ஒன்றே. 2004 டிசம்பர் 26ஆம் திகதி கடற்கோள் நமது அம்பாறைக் கரையில் பத்தாயிரத்துக்கு மேற்பட்டோரைக் கொன்றது; இலங்கையின் வேறெந்த மாவட்டத்திலும் அத்தனை பேர் மாளவில்லை. கல்முனை, மருதமுனை, சாய்ந்தமருது மணலில் அவசரமாகப் புதைத்தோம். எந்தக் கொள்ளைநோயும் வரவில்லை. "இது போதாதா?" என்று 2020இல் நம்மவர் பலர் மேடையில் முழங்கினார்கள். போதாது. கடற்கோளில் மாண்டவர் நோயாளிகள் அல்லர், அலையில் அகப்பட்டவர்கள். பேரிடரில் இறந்தோர் உடல்கள் நோயைப் பரப்பும் என்ற பீதி பிழையானது என்பதற்கு அந்நிகழ்ச்சி சான்று. கொரோனாவைப் பற்றி அது ஒன்றும் சொல்லாது. அதைவிட வலுவான சான்று நம் கையில் இருந்தது: 2020 டிசம்பருக்குள் உலகெங்கும் பதினைந்து இலட்சத்துக்கு மேற்பட்டோர் இந்நோயால் இறந்திருந்தனர், எத்தனையோ நாடுகளில் அவர்களைப் புதைத்தார்கள், கல்லறை வழியாக நீரில் இறங்கி எவரையும் அந்நோய் தாக்கியதாக ஓர் அறிக்கையும் இல்லை. வலுவானது இருக்கையில் மெலிந்ததை ஏன் தூக்கிப்பிடிக்க வேண்டும்? கண்ணீர் வரவழைக்கும் என்பதற்காகவா?

கருஞ்சீரகம் தின்றால் கொரோனா அணுகாது என்று கைத்தொலைபேசியில் பரப்பியவர்களும் நம் ஊரார்தாம். தடுப்பூசி நம் இனத்தை அழிக்க வந்த சூழ்ச்சி என்று கிசுகிசுத்தவர்களும் நம்மவரே. கேகாலைப் பாணியைப் பார்த்துச் சிரித்துவிட்டு இதைப் பரப்பியவர்களுக்கு என்ன தகுதி இருக்கிறது?

மருந்தை அளப்பது எப்படி என்பதை உலகம் கண்டறிந்து நெடுநாளாயிற்று. காசநோய்க்கு ஸ்ட்ரெப்டோமைசின் பயன்படுமா என்று பிரித்தானிய மருத்துவ ஆய்வுக் கழகம் சோதித்த முடிவு 1948இல் வெளிவந்தது. நோயாளிகள் 107 பேர். யாருக்கு மருந்து, யாருக்கு வழக்கமான படுக்கை ஓய்வு என்பதை வைத்தியரின் விருப்பம் தீர்மானிக்கவில்லை; முன்பே குலுக்கல் முறையில் வகுத்து ஒட்டிய உறைகள் தீர்மானித்தன. நெஞ்சுப் படங்களைப் பார்த்து மதிப்பிட்டவர்களுக்கு எது எந்த நோயாளியின் படம் என்று தெரியாது. ஆறு மாத முடிவில் மருந்து பெற்ற 55 பேரில் 4 பேரும், பெறாத 52 பேரில் 14 பேரும் இறந்திருந்தனர். பெரியவர் சொன்னார், சின்னவர் கண்டார் என்ற பேச்சுக்கே அங்கு இடமில்லை. 2020 ஜூனில் டெக்சாமெதசோன் என்ற மலிவான பழைய மருந்து, செயற்கைச் சுவாசத்தில் இருந்த கொவிட் நோயாளிகளின் மரணத்தை மூன்றில் ஒரு பங்கு குறைக்கிறது என்று பிரித்தானியாவில் கண்டதும் இவ்வழியில்தான். மருந்து பெற்றவர், பெறாதவர் என்று ஏறத்தாழ 6,400 பேரை ஒப்பிட்டார்கள்.

இந்த முறைமையை மேனாட்டான் சரக்கு என்று ஒதுக்குவோர் இடதுசாரி அணியிலும் உண்டு. அவர்களுக்கு ஒன்று கூறுவோம். ஐவர்மெக்டின் என்னும் பூச்சிமருந்து கொரோனாவை வியக்கத்தக்க அளவில் குணப்படுத்துகிறது என்று எகிப்திலிருந்து ஓர் ஆய்வு வந்தது. உலகமே அதை எடுத்தாண்டது. 2021இல் லண்டனில் படித்துக்கொண்டிருந்த ஒரு மருத்துவ மாணவர், பாடப் பயிற்சிக்காக அதை வாசித்தபோது, வாக்கியங்கள் பிறரிடமிருந்து திருடப்பட்டவை என்பதையும் எண்கள் ஒன்றோடொன்று பொருந்தவில்லை என்பதையும் கண்டுபிடித்தார். ஜூலை மாதத்தில் அவ்வாய்வு மீட்டுக்கொள்ளப்பட்டது. பேராசிரியர்களின் எழுத்தை ஒரு மாணவர் வீழ்த்த முடிந்தது. எண்கள் திறந்த வெளியில் இருந்தமையால். பட்டத்துக்கும் பதவிக்கும் தலைவணங்காத வேறெந்த நீதிமன்றம் இருக்கிறது? ஏழை மக்களின் பக்கம் நிற்க விரும்புபவனுக்கு இதைவிடச் சிறந்த ஆயுதம் ஏது?

நம் நாட்டிலும் நேர்மையான வைத்தியர்கள் பேசினார்கள். 2020 டிசம்பர் இறுதியில், அமைச்சு தானே நியமித்த பேராசிரியர் ஜெனிபர் பெரேரா தலைமையிலான குழு, உரிய பாதுகாப்புடன் புதைக்கவும் எரிக்கவும் அனுமதிக்கலாம் என்றது. இலங்கை மருத்துவச் சங்கமும் சமுதாய மருத்துவர் கல்லூரியும் புத்தாண்டை ஒட்டி அதையே கூறின. எனினும் ஜனவரி 7ஆம் திகதி பாராளுமன்றத்தில், தகன முடிவு மாறாது என்றார் அமைச்சர். பெப்ரவரி இறுதியில் பாகிஸ்தான் பிரதமர் வந்து திரும்பினார். உடனே வர்த்தமானி மாறியது. வைரசின் இயல்பு அந்த ஒரு வாரத்தில் மாறிவிட்டதா? இல்லை, ஜெனீவாவில் மனித உரிமைப் பேரவை கூடியிருந்தது.

அதன் பிறகும் கூத்து முடியவில்லை. முதலில் காட்டிய இடம் இரணைதீவு: கடற்படையிடமிருந்து தம் மண்ணை நெடும் போராட்டத்தின் பின் மீட்ட தமிழ் மீனவரின் தீவு. நிலத்தடி நீருக்காக அத்தனை கவலைப்பட்டவர்களுக்கு, அம்மீனவர் குடிப்பதும் நிலத்தடி நீர்தான் என்பது தோன்றவில்லை. மக்கள் எதிர்த்தார்கள், 2021 மார்ச் 5ஆம் திகதி முதல் ஓட்டமாவடி சூடுபத்தினசேனையில் அடக்கம் தொடங்கியது. ஓராண்டில் மூவாயிரத்து அறுநூறுக்கு மேற்பட்டோர் அங்கே அடக்கப்பட்டார்கள். பெரும்பாலோர் முஸ்லிம்கள், ஆயினும் இந்துக்களும் பௌத்தர்களும் கிறிஸ்தவர்களும் அம்மண்ணில் இருக்கிறார்கள். புதைப்பது ஒரு மதத்தின் பிடிவாதம் என்றவர்கள் அங்கு சென்று எண்ணிப் பார்க்கலாம்.

மன்னிப்புக் கோரிய அமைச்சரவை தன் தீர்மானத்தில் ஆய்வுகளையும் சுட்டியது. நீர்வழங்கல் துறையினர் 2021இல் செய்தது ஒன்று. ஜயவர்த்தனபுரப் பல்கலைக்கழகத்தினர் 2024இல் வெளியிட்டது மற்றொன்று. பாதுகாப்பாகப் புதைப்பதால் நீர்வழியே நோய் பரவாது. நீரில் வைரஸ் சேர்வதற்கு முக்கிய காரணம் உயிரோடிருப்பவரின் மலமும் சலமுமே என்பது முடிவு. எரித்த பின் அளந்தார்கள்.

இம்முடிவின் பின்பாதியை எவரும் கவனித்ததாகத் தெரியவில்லை. பாலமுனை, ஒலுவில், அட்டாளைச்சேனை, நிந்தவூர் என்று நமது கரை முழுவதும் மணற்பூமி. சில முழம் தோண்டினால் நீர் ஊறும். நெருக்கமான வளவுகளில் கிணறு ஒரு மூலை, மலசலகூடக் குழி மறு மூலை. மழைக்காலத்தில் இரண்டுக்கும் இடையே மண்ணைத் தவிர வேறு வேலியில்லை. அம்மண்ணும் நனைந்து கிடக்கும். வயிற்றோட்டமும் நெருப்புக் காய்ச்சலும் செங்கமாரியும் வருகிற வழி இதுவே. நிலத்தடி நீரின் காவலராக வேடம் கட்டிய அந்தப் பதினொரு மாதத்தில், உண்மையில் நஞ்சிறங்கும் இந்தக் குழிகளைப் பற்றி எந்த வர்த்தமானியும் வரவில்லை. குழிக்கும் கிணற்றுக்கும் எத்தனை அடி என்று அளக்க ஒரு நாடா போதும். நீரில் கிருமி உண்டா என்று பார்க்க வளவுக்கு ஒரு சுத்தமான போத்தலும், மாதிரிகளை ஏற்கும் ஓர் ஆய்வுகூடமும் வேண்டும். நாடா பிடிக்கத் தரம் பத்துப் பிள்ளைகள் தயாராக இருக்கிறார்கள். வளவு வளவாக அளந்து, மாரிக்கு முன் ஒருமுறை, பின் ஒருமுறை அட்டவணையிட்டு, சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைக்கு ஒரு பிரதியும் ஊர்ச் சந்தியில் ஒட்ட ஒரு பிரதியும் எழுதுவது அவர்கள் வேலை. ஆய்வுகூடத்தை ஏற்பாடு செய்வது யார் வேலை என்று அமைச்சு சொல்லட்டும்.